கையால் உருவாகும் கைக்கடிகாரம்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் கை பழகியவர்கள், பழைய எச்எம்டி ரிப்பேரில் தொடங்கி அடுத்த படிக்குப் போக நினைப்பவர்கள், தனி ஒருவரிடம் சொல்லி மெக்கானிக்கல் வாட்ச் செய்து வாங்க விரும்புபவர்கள் ஆகிய மூன்று தரப்பும் கேட்பவற்றை இங்கே ஒன்றாக வைத்திருக்கிறோம். பேட்டரி வாட்ச் பற்றி இதில் எதுவும் இல்லை.

தனி வாட்ச்மேக்கர் என்றால் எல்லாப் பாகங்களையும் அவரே செய்கிறாரா?

அப்படிச் செய்பவர்கள் உலகத்திலேயே மிகச் சிலர். இங்கிலாந்தில் பிறந்த ஜார்ஜ் டேனியல்ஸ் (1926–2011) கேஸ், டயல், முள், சக்கரம் என்று கிட்டத்தட்ட முழு வாட்சையும் தன் பட்டறையிலேயே முடித்தார். அவர் கண்டுபிடித்த கோ-ஆக்சியல் எஸ்கேப்மென்ட்டைத்தான் (சக்கரங்களை ஒவ்வொரு டிக்காக விடும் அமைப்பு) ஒமேகா 1999 முதல் பயன்படுத்துகிறது. சுவிட்சர்லாந்தின் பிலிப் துஃபூர் 2000-இல் கொண்டுவந்த சிம்ப்ளிசிட்டியில் மணி, நிமிடம், நொடி தவிர வேறு எந்த வசதியும் கிடையாது. உள்ளே சக்கரங்களைப் பிடித்து நிற்கும் பாலங்களின் விளிம்பு வேலைக்காகவே அதைத் தேடி வாங்குகிறார்கள்.

ஹேர் ஸ்பிரிங் (முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்தின் மெல்லிய சுருள்), மெயின் ஸ்பிரிங் (சாவி கொடுத்ததும் இறுகி ஓட்டத்துக்குச் சக்தி தரும் சுருள்), ஜூவல் கற்கள் (அச்சுகள் சுழலும் சிறு கற்கள்) ஆகியவற்றைப் பெரிய பெயர்கள்கூடப் பெரும்பாலும் வெளியில்தான் வாங்குகின்றன. ஹேர் ஸ்பிரிங்கின் தடிமன் 0.03 முதல் 0.04 மி.மீ. வரைதான். அந்த உலோகக் கலவையை உருக்கி, இழுத்து, தட்டையாக்கிச் சுருட்டுவது ஒரு தனித் தொழிற்சாலையின் வேலை.

சேலத்தில் ஒருவர் நேர்மையாகச் செய்யக்கூடியது இது: நல்ல மெஷின் (கேஸுக்குள் ஓடும் முழு இயக்கப் பகுதி) ஒன்றை வாங்கி, முழுக்கப் பிரித்து, பாலங்களைக் கையால் முடித்து, டயலையும் முட்களையும் தானே செய்து, ஓட்டத்தைத் திருத்திக் கொடுப்பது. மெஷின் எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காத வரை இதில் குறை ஏதும் இல்லை.

எந்த மெஷினை வைத்துத் தொடங்குவது?

சுவிட்சர்லாந்தின் ஈடிஏ 6498. முதல் வாட்சுக்கு இதைவிடப் பொருத்தமான வேறொன்றை எங்களால் சொல்ல முடியவில்லை. பாக்கெட் வாட்சுக்காக வடிவமைத்த சாவி மெஷின் இது. விட்டம் 36.6 மி.மீ., உயரம் 4.5 மி.மீ., 17 கற்கள். பாலங்கள் அகலமாக இருப்பதால் அரம் பிடிக்க இடம் கிடைக்கும். கை அசைவில் சுழன்று தானாகச் சாவி ஏற்றும் ரோட்டார் இல்லாததால் பின் கண்ணாடி வழியே எல்லா வேலையும் தெரியும். கேஸ் 40 மி.மீ.க்குக் கீழே போகாது என்பதுதான் குறை. மெல்லிய மணிக்கட்டுக்குப் பெரிதாகத் தெரியும்.

சிறிய வாட்ச் வேண்டுமென்றால் 25.6 மி.மீ. விட்டமுள்ள ஈடிஏ 2824 வகை இருக்கிறது. ஜப்பானின் என்எச்35 விலை குறைவு, உழைக்கும். ஆனால் அதன் பாலங்களில் மணிக்கணக்கில் கைவேலை செய்வது வீண் என்றே சொல்வோம். ரோட்டார் பாதியை மறைத்துவிடும், மீதியிலும் விளிம்பு பிடிக்க இடம் குறைவு.

சேலத்து வெள்ளியில் டயல் செய்யலாமா?

தாராளமாக. இந்த ஊரில் இருப்பவருக்கு உண்மையான முன்னிலை கிடைப்பது இந்த ஒரு பாகத்தில்தான். தகடு அடிப்பது, ரம்பத்தால் அறுப்பது, பற்றவைக்கும் பொடி வைத்து ஊதுவது, சித்திரம் வெட்டுவது எல்லாம் இங்கே தெருவுக்குத் தெரு தெரிந்த வேலை. புதிதாகப் பழக வேண்டியது அளவு. கொலுசில் 0.2 மி.மீ. கூடினால் யாருக்கும் தெரியாது. டயலில் அதே 0.2 கூடினால் மணி முள் உரசி வாட்ச் நின்றுவிடும்.

கொலுசுக்கு வாங்கும் வெள்ளியின் டச், அதாவது தூய்மை, பட்டறைக்குப் பட்டறை மாறும். டயலுக்கு 925 (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) வேண்டும், டச் பார்க்கும் மெஷினில் சோதித்து வாங்குங்கள். தகட்டின் தடிமன் 0.4 மி.மீ. முதலில் நடு ஓட்டையைப் போடுங்கள். அதற்குப் பிறகு எடுக்கும் ஒவ்வொரு அளவும் அந்த மையத்திலிருந்துதான். வட்டத்தைக் கடைசி அளவைவிட 0.3 மி.மீ. பெரிதாக அறுத்து, மங்கிய சிவப்பு வரும் வரை காய்ச்சி, இரண்டு தட்டையான எஃகுக் கட்டைகளுக்கு நடுவே அழுத்தி ஆறவிடுங்கள். இதை அவசரமாகச் செய்தால் டயல் நெளியும். பிறகு எத்தனை முறை தட்டினாலும் அந்த நெளிவு முழுதாகப் போகாது.

பின்புறக் கால்கள் இரண்டும் செம்புக் கம்பி, சுமார் 0.7 மி.மீ. தடிமன். மெஷின் தயாரிப்பாளர் தரும் வரைபடத்தில் அவற்றின் இடம் இருக்கும். 0.1 மி.மீ. தள்ளிப் போனாலும் கால் ஓட்டைக்குள் இறங்காது. கால்களை 720 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகும் கெட்டிப் பொடியால் பற்றவைக்க வேண்டும். அடுத்து வரும் வெளுப்புக்கு டயலை மறுபடி 600–650 டிகிரிக்குச் சூடாக்கப் போகிறோம். ஈயப் பற்று அந்தச் சூட்டுக்கு நிற்காது.

வெளுப்பு இப்படி: டயலைச் சூடாக்கினால் மேற்பரப்பில் இருக்கும் செம்பு காற்றோடு சேர்ந்து கறுக்கும். பத்துக்கு ஒன்று நீர்த்த, சூடான கந்தக அமிலத்தில் போட்டால் அந்தக் கறுப்பு கரைந்து தூய வெள்ளி மட்டும் மேலே தங்கும். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் மென்மையான பித்தளைத் தூரிகையால் தேய்த்து, மறுபடி சூடு, மறுபடி அமிலம். நான்கிலிருந்து ஆறு சுற்றுக்குள், சூடாக்கினாலும் கறுக்காத நிலை வரும். கடைசிச் சுற்றில் தேய்க்கவே கூடாது. அப்போது கிடைக்கும் பால் போன்ற மங்கல் வெண்மையை எந்த பெயிண்டாலும் கொண்டுவர முடியாது. அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது.

இதில் கெடுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். இரும்பு இடுக்கியை அமிலத்தில் விட்டால் கரைந்திருக்கும் செம்பு வெள்ளியின் மேல் படிந்து டயல் இளஞ்சிவப்பாகிவிடும், எனவே செம்பு அல்லது பிளாஸ்டிக் இடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். 700 டிகிரியைத் தாண்டிக் காய்ச்சினால் ஊதா நிறக் கறை உள்ளே இறங்கிவிடும், ராவினால்தான் போகும். முடித்த டயலை விரலால் தொட்டால் ரேகை சில நாளில் பழுப்பாகத் தெரியும். வெளுப்பு முடிந்த அன்றே மெல்லிய லாக்கர் ஒரு கோட் அடித்துவிடுங்கள். ரப்பர் பேண்ட் இருக்கும் டப்பாவில் வைக்காதீர்கள், கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும்.

எண்களைச் செதுக்கிக் கறுப்பு நிரப்ப வேண்டும் என்றால்?

வேறு வழியில் போக வேண்டும். கறுப்பு அரக்கு வெளுப்பின் சூட்டில் எரிந்துவிடும். எண்களைச் செதுக்கி, டயலை மெல்லச் சூடாக்கி அரக்கை உருக்கி நிரப்பி, தட்டையான கல்லால் தண்ணீர் விட்டுச் சமமாக்கி, கடைசியில் சில்வர் குளோரைடும் உப்பும் டார்டார் பொடியும் கலந்த பசையை ஈரத்துணியால் வட்டமாகத் தேய்ப்பார்கள். குளிர்ந்த நிலையிலேயே வெண்மை வரும். அரக்கின் மேல் வெள்ளி பிடிக்காது என்பதால் எண் தெளிவாக நிற்கும். செதுக்கும் ஆழம் குறைந்தது 0.12 மி.மீ. இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் கல் தேய்க்கும்போதே அரக்கு பெயர்ந்து வந்துவிடும்.

முள்ளுக்கு நீலம் எப்படி வருகிறது? பெயிண்டா?

நல்ல வாட்சில் பெயிண்ட் இல்லை. கார்பன் எஃகைச் சூடாக்கினால் மேலே ஆக்சைடு படலம் வளரும், அதன் தடிமனுக்கு ஏற்ப நிறம் மாறும். 220 டிகிரியில் வைக்கோல் மஞ்சள், 255-இல் பழுப்பு, 280-இல் ஊதா, 295–300-இல் நாம் தேடும் ஆழ்ந்த நீலம். 320-ஐத் தாண்டினால் வெளிறி, பிறகு சாம்பலாகிவிடும். செம்புத் தட்டில் பித்தளைத் தூளைப் பரப்பி, முள்ளை அதன் மேல் வைத்து, கீழே ஸ்பிரிட் விளக்கு. ஊதாவிலிருந்து நீலத்துக்குச் சில நொடிகள்தான், அந்த நேரத்தில் கண்ணை எடுக்கக் கூடாது.

ஒரு முள்ளில் பாதி நீலம், பாதி ஊதாவாக வந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். கொழுப்பு சரியாகக் கழுவப்படவில்லை, அல்லது முள்ளின் நுனி மெல்லியதாக இருப்பதால் முதலில் சூடாகிவிட்டது. நுனியைத் தூளின் ஓரத்தில், சூடு குறைந்த பக்கமாக வையுங்கள். தவறிவிட்டால் நிறத்தை முழுவதும் மெருகேற்றி எடுத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். நிறத்தின் மேலேயே திருத்த முடியாது.

பாலத்தின் விளிம்பு வேலையில் அப்படி என்ன இருக்கிறது?

பாலம் என்பது சக்கரங்களின் மேல்முனையைப் பிடித்து நிற்கும் பித்தளைத் துண்டு. அதன் மேல் விளிம்பை 45 டிகிரி சாய்த்து, 0.25 மி.மீ. அகலத்தில், ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே அகலமாக, கண்ணாடி போல முடிக்க வேண்டும். நுண் அரம், பிறகு கல், பிறகு எமரித் தாள், கடைசியாகக் கட்டை மரக் குச்சியில் 3 மைக்ரான், 1 மைக்ரான் வைரப் பசை. வாங்கிய மெஷினில் இதைச் செய்தால் மேல் முலாம் போய்ப் பித்தளை தெரியும், ஆகவே முடித்தபின் மறு முலாம் உண்டு. முலாம் எந்தக் கீறலையும் மறைக்காது, இன்னும் எடுத்துக் காட்டும்.

வாங்குபவர் பார்க்க வேண்டிய இடம் உள்மூலை. இரண்டு சரிவுகள் உள்நோக்கிச் சந்திக்கும் இடத்தில் கூர்மையான ஒரு கோடு தெரிந்தால் அது கைவேலை. சுழலும் கருவி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அங்கே ஒரு வளைவை விட்டுவிடும். பத்து மடங்கு லென்ஸ் போதும். அதே லென்ஸில் ஸ்க்ரூ தலைகளையும் பாருங்கள். கருமெருகு ஏற்றிய எஃகு ஒரு கோணத்தில் முழுக் கறுப்பாகவும், சற்றுச் சாய்த்தால் முழு வெளிச்சமாகவும் மாறும். நடுவில் சாம்பல் நிறம் தெரிந்தால் வேலை முடியவில்லை.

செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பாலத்தின் அடிப்பரப்பைத் தொடாதீர்கள். சக்கர அச்சின் மேல்கீழ் அசைவுக்கு விட்டிருக்கும் இடைவெளியே 0.02 முதல் 0.04 மி.மீ. வரைதான். அடியில் இரண்டு இழுப்பு அதிகமாகத் தேய்த்தால் பாலம் இறங்கி, ஸ்க்ரூவை முறுக்கியதும் ஓட்டம் இறுகிவிடும். ஸ்க்ரூவைத் தளர்த்தினால் ஓடுகிறது, முறுக்கினால் நிற்கிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆயில் எவ்வளவு?

கல்லின் குழிவில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை. நிறைய வைத்தால் நல்லது என்ற எண்ணமே பல வாட்சுகளைக் கெடுக்கிறது. குழிவைத் தாண்டிய ஆயில் தட்டைத் தொட்டவுடன், மொத்தத் துளியும் தட்டோடு பரவிப் போய்விடும். அச்சு உலர்ந்து நிற்கும்.

வேகமாகச் சுழலும் மெல்லிய அச்சுகளுக்கு மோபியஸ் என்ற பெயரில் வரும் ஆயில்களில் 9010, பாரம் தாங்கும் மெதுவான சக்கரங்களுக்கு டி5, பேலட் ஃபோர்க்கில் (எஸ்கேப்மென்ட்டில் இருபுறமும் தாவும் கவை) இருக்கும் பேலட் கல்லின் முகத்துக்கு 9415. பேலட் ஃபோர்க்கின் அச்சுக்கு ஆயில் கிடையாது. பேலட் கற்கள் அரக்கால் ஒட்டப்பட்டவை. கழுவும்போது ஸ்பிரிட்டில் ஊறப்போட்டால் அரக்கு கரைந்து கல் கழன்றுவிடும்.

நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ் தேவை. மே மாதச் சேலத்து வெயிலில் காரின் டேஷ்போர்டில் வாட்சை விட்டுப் போகும் பழக்கம் இருந்தால் அதற்கு முன்பே.

டைமிங் மெஷினில் என்ன எண்கள் வர வேண்டும்?

டைமிங் மெஷின் என்பது வாட்சின் டிக் ஒலியைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் கருவி. முழுச் சாவி கொடுத்து, டயல் மேலே பார்த்தபடி வைத்தால் பேலன்ஸ் வீச்சு (பேலன்ஸ் சக்கரம் ஒரு பக்கம் சுழலும் கோணம்) 280–310 டிகிரி. நிற்க வைத்தால் 30–40 டிகிரி குறைவது இயல்பு. 24 மணி நேரம் கழித்தும் 220-க்குக் கீழே போகக் கூடாது. பீட் எர்ரர் (டிக்குக்கும் டாக்குக்கும் இடையே உள்ள நேர வித்தியாசம்) 0.5 மில்லி நொடிக்குள். சுவிஸ் குரோனோமீட்டர் சான்று அனுமதிக்கும் சராசரி, நாளுக்கு 4 நொடி பின்தங்கலிலிருந்து 6 நொடி முந்தல் வரை.

லிஃப்ட் ஆங்கிளை (பேலட் ஃபோர்க் பேலன்ஸைத் தொட்டுத் தள்ளும் கோணம், வீச்சைக் கணக்கிட டைமிங் மெஷினுக்கு இது தேவை) மாற்றாமல் விடுவது அடிக்கடி நடக்கும் தவறு. டைமிங் மெஷின் வழக்கமாக 52-இல் இருக்கும். 6498-க்கு 44 வைக்க வேண்டும். 52-லேயே விட்டால் உண்மையில் 260 டிகிரி வீசும் வாட்ச் 307 என்று காட்டும். நன்றாக ஓடுகிறது என்று நம்பி மூடிவிடுவீர்கள்.

படுக்க வைத்தால் சரியாக ஓடுகிறது, நிற்க வைத்தால் ஒரு பக்கம் முந்துகிறது, எதிர்ப்பக்கம் பிந்துகிறது என்றால் பேலன்ஸ் சக்கரத்தில் எங்கோ எடை கூடியிருக்கிறது. வீச்சு சுமார் 220 டிகிரியில் இருக்கும்போது இந்தக் குறை தெரியாது, அதற்கு மேலும் கீழும் எதிரெதிராகத் திரும்பும். ஆகவே இதைத் தேட, சாவியைக் குறைத்து வீச்சை 150–160-க்குக் கொண்டுவந்து நான்கு நிலைகளில் பாருங்கள். அந்தக் குறைந்த வீச்சில் அதிகமாக முந்தும் நிலையில், பேலன்ஸ் அசையாமல் நிற்கும்போது கீழே இருக்கும் பக்கம்தான் கனமான பக்கம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைத் தள்ளி இதைச் சரிசெய்ய முடியாது.

ஏற்காட்டில் இருக்கிறோம். காலையில் கண்ணாடிக்குள் பனி படிகிறது. தண்ணீர் புகுந்துவிட்டதா?

புகாமலும் இருக்கலாம். கேஸை மூடும்போது உள்ளே அடைபட்ட காற்றே காரணமாகலாம். சேலத்தில் மழை நாளில், 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் மூடினால், அந்தக் காற்று 24 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர் துளிர்க்கும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டின் இரவு அதைவிட நன்றாகவே குளிரும். ஏசி ஓடும் அறையில் 28 டிகிரி, 40 சதவீதத்தில் மூடினால் அந்த எல்லை 13 டிகிரிக்கு இறங்கிவிடும். மலைக்குப் போகும் வாட்சைக் காய்ந்த அறையில்தான் மூட வேண்டும், அதற்கு முன் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் ஓரிரவு வைப்பது நல்லது.

சோதிக்க, வாட்சை 40–45 டிகிரிக்கு மெல்லச் சூடாக்கி, கண்ணாடி மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணீர் வைத்து, ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கள். உட்புறம் மங்கினால் ஈரம் இருக்கிறது. காய்ந்த அறையில் திறந்து மூடிய பிறகும் மங்கினால் கேஸ்கெட் (கேஸை அடைக்கும் ரப்பர் வளையம்) கசிகிறது. தானாகவே பனி மறைந்துவிட்டதே என்று விடாதீர்கள், துரு முதலில் பிடிப்பது சாவித் தண்டில், அது வெளியே தெரியாது.

மலை உயரத்தால் ஓட்டம் மாறுமா என்றும் கேட்கிறார்கள். காற்று அடர்த்தி குறைவதால் பேலன்ஸுக்குத் தடை குறைந்து வீச்சு சற்றுக் கூடும். ஆனால் இரவில் வாட்சை எந்தப் பக்கமாக வைக்கிறீர்கள் என்பது ஏற்படுத்தும் வித்தியாசம் அதைவிடப் பெரிது.

திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்துகிறது?

காந்தம். ஸ்பீக்கர், போன் கவரின் காந்தப் பூட்டு போன்றவற்றின் அருகே வைத்ததால் ஹேர் ஸ்பிரிங் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். திசைகாட்டியின் அருகே கொண்டுபோனால் முள் ஆடும். காந்தத்தை நீக்கும் டீமேக்னடைஸரில் ஒரு நிமிட வேலை, பிரிக்கத் தேவையில்லை. அப்போதும் சரியாகவில்லை என்றால் ஆயில் ஒட்டியிருக்கிறதா, சுருள் நெளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சேலம் உருக்காலை எஃகில் கேஸ் செய்யலாமா?

அங்கே உருட்டப்படுவது தகடும் சுருளும். கேஸைப் பத்துப் பன்னிரண்டு மி.மீ. உயரமுள்ள திடமான துண்டிலிருந்து கடைய வேண்டும், அதனால் 316எல் வகை துருப்பிடிக்காத எஃகில் உருளைக் கம்பி வாங்குவதே வழி. அதில் இருக்கும் 2–3 சதவீத மாலிப்டினம் வியர்வை உப்பைத் தாங்கும். பாத்திரத்துக்குப் பயன்படும் 304, கேஸ்கெட் இடுக்கில் உப்பு தங்கினால் குழி விழும். கடைசலுக்குக் கோவையில் ஆட்கள் உண்டு. முதலில் பித்தளையில் ஒன்று கடைந்து, மெஷின், டயல், கண்ணாடி எல்லாம் உட்காருகிறதா என்று பார்த்துவிட்டு எஃகுக்குப் போங்கள்.

வெள்ளிப் பட்டறையிலேயே வாட்சையும் மாட்டலாமா?

கூடாது. பாலிஷ் தூள் ஒரு துகள் ஆயிலில் விழுந்தால், அது அச்சை ராவும் பசையாக மாறிவிடும். தனி அறை, தனி உடை, மேசை மேல் மூடி. இதில் சமரசமே வேண்டாம்.

எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

ஓடாத எச்எம்டி ஜனதா இரண்டு வாங்குங்கள். சிட்டிசன் உதவியோடு 1961-இல் பெங்களூரில் தொடங்கிய ஆலையின் சாவி வாட்ச் அது. 17 கற்கள், மணிக்கு 18,000 டிக். எளிமையான அமைப்பு, ஒன்றின் பாகம் மற்றொன்றுக்கு உதவும்.

ஸ்க்ரூ டிரைவர் 0.8, 1.0, 1.2, 1.4, 1.6 மி.மீ., மூன்றாம், ஐந்தாம் எண் ட்வீசர், நான்கு மடங்கும் பத்து மடங்கும் உள்ள லென்ஸ், ஆயிலர் மூன்று, டைமிங் மெஷின் ஒன்று. இவ்வளவு போதும். பிரிக்கும் முன் கிளிக்கை (சாவிச் சக்கரம் பின்னுக்குச் சுழலாமல் தடுக்கும் கொக்கி) பின்னுக்குப் பிடித்து, சாவியை விரலால் தாங்கி, மெயின் ஸ்பிரிங்கின் இழுப்பை மெல்ல இறக்குங்கள். அதைச் செய்யாமல் பேலட் ஃபோர்க்கைத் தூக்கினால் சக்கரங்கள் விர்ரென்று சுழன்று பல்லோ அச்சோ உடையும். மாட்டும்போது பேலன்ஸ் வைக்கும் முன் இரண்டு சுற்றுச் சாவி கொடுத்து, ஃபோர்க்கைக் குச்சியால் லேசாகத் தொடுங்கள். மறுபக்கம் டக்கென்று தாவ வேண்டும். மந்தமாக நகர்ந்தால் மேலே போகாதீர்கள், எங்கோ அழுக்கு இருக்கிறது.

சுவிஸ் மெஷின் வைத்தால் டயலில் ‘சுவிஸ் மேட்’ என்று எழுதலாமா?

முடியாது. 2017 முதல் அதற்கு வாட்சின் தயாரிப்புச் செலவில் 60 சதவீதம் சுவிட்சர்லாந்தில் ஆகியிருக்க வேண்டும். சேலம் என்று எழுதுங்கள், அதில் பெருமைதான்.

ஆர்டர் கொடுக்கும்போது என்ன எழுதி வாங்க வேண்டும்?

மெஷினின் பெயரும் எண்ணும். அதில் எந்தெந்தப் பாகம் கையால் முடிக்கப்பட்டது என்ற விவரம். டயல் வெள்ளியின் டச். குறைந்தது ஐந்து நிலைகளில் எடுத்த டைமிங் எண்கள், முழுச் சாவியிலும் 24 மணி நேரம் கழித்தும். கேஸ்கெட் அளவுகளும் கண்ணாடியின் விட்டமும் தடிமனும் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் பத்து வருடம் கழித்து வேறொருவர் திறக்கும்போது இந்த அளவுகள் எந்தக் கேட்டலாக்கிலும் இருக்காது. ஆயில் போட்ட தேதி, போட்ட ஆயில்களின் பெயர். முன்பணம் கொடுக்கும் முன், செய்பவர் முடித்த ஒரு பாலத்தைக் கையில் வாங்கி லென்ஸில் பாருங்கள். தயங்காமல் காட்டுவார்.